60 கிலோ ஏலக்காய்: எந்த மொழியில் எழுதியிருந்தால் தப்பியிருக்கும்?

மொரிஷியஸின் குவாத்ரே போர்னிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். "கிரியோலில் பாதி யோசித்துத் தமிழில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று கடிதம் தொடங்குகிறது. பொறுத்துக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

வயது 34. எபேனில் ஒரு அலுவலகத்தில் எட்டு வருடமாக சி ஷார்ப் என்ற நிரல் மொழியில் எழுதுகிறார். புகுந்த வீட்டில் சமையல் கான்ட்ராக்ட். கல்யாணம், காவடி, வருடப்பிறப்பு என்றால் வாழை இலை போட்டு ஏழு கறி பரிமாறுகிறவர்கள். (உள்ளூரில் இதற்கு 'செத் காரி' என்று பெயர். பிரெஞ்சில் செத் என்றால் ஏழு. இந்த ஊருக்கு வந்த புதிதில் கல்யாணப் பந்தியில் அந்தச் சொல்லைக் கேட்டுத் திடுக்கிட்டவர்களில் நானும் ஒருவன்.) ஆர்டர், முன்பணம், கொள்முதல் பட்டியல், பில் எல்லாவற்றுக்கும் வாசகி ஓய்வு நேரத்தில் சி ஷார்ப்பிலேயே ஒரு நிரல் எழுதிக் கொடுத்திருக்கிறார். மாமியார், கணவர், கணக்குப் பார்ப்பவர், இவர் என நான்கு பேர் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

அதில் மூன்று தொல்லைகள். பில்லில் அவ்வப்போது ஒரு சென்ட் (ரூபாயில் நூறில் ஒன்று) உதைக்கிறது. ஒரு வாடிக்கையாளருக்கு விலை மாற்றினால், இரண்டு மாதம் முன்பு இன்னொருவருக்குக் கொடுத்த கொட்டேஷனிலும் விலை மாறிவிடுகிறது. மூன்றாவதாக, பாயசத்துக்கு 60 கிராம் ஏலக்காய் வரவேண்டிய இடத்தில் 60 கிலோ என்று பட்டியல் போய்விட்டது. கடைக்காரர் போன் செய்து "மாமி, ஏலக்காய் வியாபாரம் தொடங்குகிறீர்களா" என்று கேட்டதால் தப்பித்தார்கள்.

"இதெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும் வேரியபிள்களால் வருவது, ஃபங்ஷனல் மொழியில் (ஒருமுறை உருவாக்கிய மதிப்பை மாற்றாமல், ஃபங்ஷன்களைக் கோத்து எழுதும் மொழி) எழுதியிருந்தால் எதுவுமே வந்திருக்காது என்று படித்தேன். மூன்று மாதம் அப்படிப்பட்ட மொழியான ஹாஸ்கெல் படித்தேன், மோனாடில் (செயல்களை வரிசையாகக் கோக்க அதில் இருக்கும் கருத்து) மாட்டிக்கொண்டேன். எனக்குக் கணக்கு மூளை போதாதோ? பிரான்சில் இருக்கும் கொழுந்தன் ஓகாமல் என்கிறார். அலுவலகத்தில் சீனியர் எலிக்ஸிர் என்கிறார். எஃப் ஷார்ப்பை நானே தள்ளிவிட்டேன், அது மைக்ரோசாஃப்ட்டின் மூடிய சரக்கு, விண்டோஸில் மட்டும்தான் ஓடும். வேலையை விட்டுவிட்டு ஒரு வருடம் உட்கார்ந்து ஹாஸ்கெல்லைக் கரைத்துக் குடித்துவிடலாமா என்றும் யோசனை. எதை எடுக்கட்டும்?"

அன்புள்ள சகோதரிக்கு,

மொழியை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்த மூன்று தொல்லைகளையும் தனித்தனியாகப் பிரித்துப் போடுங்கள். மூன்றும் ஒரே நோய் என்று நினைத்து ஒரே மருந்து தேடுகிறீர்கள். எனக்குத் தெரிந்தவரை மூன்றும் வேறு வேறு.

ஒரு சென்ட் ஏன் உதைக்கிறது

நீங்கள் அனுப்பிய நிரல் வரிகளைப் பார்த்தேன். பணத்துக்கு, பின்னங்களைப் பத்தின் கணக்கில் துல்லியமாக வைக்கும் டெசிமல் வகையைத்தான் பயன்படுத்தியிருக்கிறீர்கள், அது சரி. சிக்கல் வட்டமாக்கும் இடத்தில் இருக்கிறது. 1,230.30 ரூபாய்க்கு 15 சதவீத வாட் வரி போட்டால் 184.545 வரும். கணக்குப் பார்ப்பவர் பேனாவில் 184.55 என்று எழுதுவார். உங்கள் நிரல் 184.54 என்கிறது. டாட் நெட்டின் (சி ஷார்ப் ஓடும் தளம்) மேத் ரவுண்ட் ஃபங்ஷன், வேறெதுவும் சொல்லாமல் விட்டால், சரிபாதியில் நிற்கும் எண்ணை இரட்டைப்படைப் பக்கம்தான் தள்ளும். 2.5 கொடுத்தால் 2 தரும், 3.5 கொடுத்தால் 4 தரும். வங்கிக்காரர் வட்டமாக்கல் என்பார்கள். பிழை இல்லை, ஒரு வழக்கம், அவ்வளவுதான்.

இங்கே கவனியுங்கள். எஃப் ஷார்ப்புக்குப் போனாலும் அது இதே நூலகத்தைத்தான் கூப்பிடும், சென்ட்டும் கூடவே வரும். ஹாஸ்கெல்லின் ரவுண்டும் இரட்டைப்படைப் பக்கம்தான் தள்ளும். மூன்று மாதம் கஷ்டப்பட்டு அங்கே போய்ச் சேர்ந்திருந்தாலும் அதே 184.54 உங்களை வரவேற்றிருக்கும். ரவுண்டுக்கு இன்னொரு வாதம் (உள்ளீடு) கொடுத்து, பாதி வந்தால் மேலே தள்ளு என்று சொன்னால் முடிந்தது. பில்லில் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக வட்டமாக்குவதா, மொத்தத்தில் ஒரே முறையா என்பதையும் சேர்த்து முடிவுசெய்யுங்கள். அது உங்கள் கணக்குப் பார்ப்பவர் சொல்ல வேண்டியது, மொழி சொல்வதில்லை.

பழைய கொட்டேஷன் தானாக மாறுவது

இதில் நீங்கள் படித்தது உண்மைதான். கத்தரிக்காய்க் கறி என்ற ஒரே ஆப்ஜெக்டை (நிரலில் பெயர், விலை போன்ற விவரங்களைச் சேர்த்து வைக்கும் கட்டு) பத்து கொட்டேஷன்கள் சுட்டிக்கொண்டிருக்கின்றன. நீங்கள் விலையைத் திருத்துவது அந்த ஒரே ஆப்ஜெக்டில். பத்துப் பேருக்கும் விலை மாறத்தான் செய்யும். ஃபங்ஷனல் மொழிகளில் ஒரு மதிப்பை உருவாக்கிவிட்டால் அது அப்படியே இருக்கும். விலையை மாற்ற வேண்டுமென்றால் புது விலையோடு புதிதாக ஒன்று பிறக்கும், பழையது பழைய கொட்டேஷனோடு நிற்கும். ஒவ்வொரு முறையும் முழுசாக நகலெடுத்தால் மெதுவாகாதா என்று கேட்டிருந்தீர்கள். முழுசாக எடுப்பதில்லை, மாறாத பகுதிகளைப் புதியதும் பழையதும் பகிர்ந்துகொள்ளும். நான்கு பேர் பயன்படுத்தும் நிரலில் இந்தக் கவலையே வேண்டாம்.

ஆனால் சி ஷார்ப்பிலும் 2020 முதல் ரெக்கார்ட் வகை (உருவாக்கிய பிறகு மாற்றாமல் வைத்துக்கொள்ள உதவுவது) இருக்கிறது. அதில் எழுதியிருந்தாலும் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்திருக்கும். இன்று மாலையே செய்யலாம். 2007-லிருந்து பட்டியல்களை வடிகட்டி எடுக்கும் லிங்க் (LINQ) வசதி இருக்கிறது, செலக்ட், வேர் என்று நீங்கள் தினமும் எழுதுவது ஃபங்ஷனல் பாணிதான். வெளியே நின்று எட்டிப் பார்க்கும் ஆளாக உங்களை நினைத்துக்கொள்ள வேண்டாம், ஒரு கால் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. சொல்லப்போனால் உங்கள் மாமியார் உங்களுக்கு முன்பே உள்ளே போய்விட்டார். எக்செல்லில் ஒரு கட்டத்தின் சூத்திரம் மற்ற கட்டங்களைப் படிக்கும், எதையும் போய் மாற்றாது. அதுவே ஃபங்ஷனல்தான். அவருக்கு யாரும் மோனாட் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஏலக்காய்

எனக்குப் பிடித்த தொல்லை இதுதான். நிரலுக்கு 60 என்பது வெறும் 60. அது கிராமா கிலோவா என்பது உங்கள் மனத்தில் மட்டும் இருந்தது. மாறாத மதிப்பு, வெளியே எதையும் மாற்றாத தூய ஃபங்ஷன் எதுவும் இதைத் தானாகத் தடுக்காது. தடுப்பது, எந்த மதிப்பு எந்த வகை என்று சரிபார்க்கும் வகை அமைப்பு.

எஃப் ஷார்ப்பில் அளவை அலகு என்று ஒரு வசதி மொழியோடு பிறந்தது போல உள்ளேயே இருக்கிறது. எண்ணை ஒட்டி, கூர் அடைப்புக்குள் கிராம் என்றோ கிலோ என்றோ எழுதிவிடலாம். அப்புறம் 2 கிலோவையும் 500 கிராமையும் நேரே கூட்டப் பார்த்தால் கம்பைலர் (எழுதிய நிரலை ஓடும் வடிவத்துக்கு மாற்றும் கருவி) விடாது. ஒரு கிலோவுக்கு 1,000 கிராம் என்ற மாற்றுக் காரணியை நீங்களே எழுதிப் பெருக்கினால்தான் வழிவிடும். 10 பேருக்கு 2 கிராம் ஏலக்காய் என்று எழுதி 300 பேருக்குப் பெருக்கினால் 60 கிராம்தான் வரும், அதைக் கிலோ கேட்கும் இடத்தில் வைக்கவே முடியாது. லிட்டர், தேங்காய் எண்ணிக்கை, மாமியாரின் 'பிடி' எல்லாவற்றுக்கும் ஒவ்வோர் அலகு வைத்துக்கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை. இந்தச் சோதனை கம்பைல் செய்யும்போது மட்டும்தான், ஓடும்போது அலகு இருக்காது. கோப்பிலிருந்தோ திரையிலிருந்தோ எண் வரும்போது அது மறுபடியும் வெறும் எண்தான், அந்த வாசலில் நீங்கள்தான் அலகு ஒட்ட வேண்டும். யாராவது கட்டத்தில் தப்பாகத் தட்டினால் மொழி காப்பாற்றாது. அதற்குக் கடைக்காரர்தான் காப்பு.

சரி, எந்த மொழி?

உங்களுக்கு எஃப் ஷார்ப். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன், இனிக் காரணம்.

அது மூடிய சரக்கு என்பது பழைய கதை. கேம்பிரிட்ஜில் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் டான் சைம் உருவாக்கியது, 2005-ல் வெளிவந்தது. 2010-லேயே மூல நிரலைத் திறந்துவிட்டார்கள். 2016-ல் டாட் நெட் கோர் வந்ததிலிருந்து லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும் ஓடுகிறது.

பெரிய காரணம் வேறு. உங்கள் சி ஷார்ப் திட்டத்தின் பக்கத்திலேயே ஓர் எஃப் ஷார்ப் திட்டத்தை வைக்கலாம், சி ஷார்ப் திட்டம் அதை நேரே கூப்பிடும். திரை, அச்சு, டேட்டாபேஸ் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கட்டும். அளவு பெருக்குவது, விலை போடுவது, ஆர்டரின் நிலை, இந்த மூன்றை மட்டும் நகர்த்துங்கள். வேறெந்த மொழியை எடுத்தாலும் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும், அதற்குள் அடுத்த காவடி வந்துவிடும்.

ஆர்டரின் நிலை என்றேன். நீங்கள் இப்போது நான்கைந்து ஆம்-இல்லை கொடிகள் வைத்திருக்கிறீர்கள்: உறுதியானதா, முன்பணம் வந்ததா, ரத்தா. உறுதி, ரத்து இரண்டும் ஆம் ஆகிவிட்டால் என்ன அர்த்தம்? எஃப் ஷார்ப்பில் இப்படி ஒரே வகையாக எழுதலாம் (தமிழில் சொல்கிறேன்):

ஆர்டர் = விசாரிப்பு | முன்பணம் வந்தது (தொகை, தேதி) | உறுதி (தலை எண்ணிக்கை) | பரிமாறியாயிற்று | ரத்து (காரணம்)

இதில் ஏதாவது ஒன்றாகத்தான் இருக்க முடியும். முன்பணத் தொகை, முன்பணம் வந்த நிலையில் மட்டும்தான் இருக்கும். நாளைக்கு 'சூறாவளியால் தள்ளிவைப்பு' என்று ஒன்றைச் சேர்க்கிறீர்கள் என்று வையுங்கள், இந்தத் தீவில் சேர்த்துத்தான் ஆக வேண்டும். சேர்த்த உடனே, அந்த நிலையைக் கவனிக்காத இடங்களை எல்லாம் கம்பைலர் வரிசையாகக் காட்டும். அது பிழையாக இல்லாமல் எச்சரிக்கையாகத்தான் வரும், அதனால் எச்சரிக்கையைப் பிழையாக எடுத்துக்கொள் என்று திட்ட அமைப்பில் போட்டுவிடுங்கள். 'மற்றதெல்லாம்' என்று அடிக்கோடு போட்டு ஒரு கிளை எழுதும் பழக்கம் வேண்டாம், அதை எழுதினால் கம்பைலர் வாயை மூடிக்கொள்ளும்.

குறைகளும் உண்டு. கோப்புகளை வரிசையாக அடுக்க வேண்டும், கீழே இருப்பதை மேலே இருப்பது கூப்பிட முடியாது. சி ஷார்ப்பிலிருந்து வருகிறவர்கள் முதல் வாரம் இதில்தான் திட்டித் தீர்ப்பார்கள். பாடங்கள், உதாரணங்கள் சி ஷார்ப்புக்கு இருக்கும் அளவுக்கு இல்லை. சி ஷார்ப் நூலகத்திலிருந்து நல் (மதிப்பே இல்லை என்ற குறி) எட்டிப் பார்க்கவும் செய்யும்.

மற்றவர்கள் சொன்னவை

கொழுந்தன் ஓகாமல் சொன்னது எனக்கு ஆச்சரியமில்லை. அது பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் பிறந்தது, அங்கே பொறியியல் கல்லூரி நுழைவுக்குத் தயார் செய்யும் வகுப்புகளிலேயே பாடமாக இருக்கிறது. பிரெஞ்சு படிக்கிற நமக்குப் பாடப்பொருளும் கைக்கு எட்டும். அருமையான மொழி, எஃப் ஷார்ப்பே அதன் வழி வந்ததுதான். நீங்கள் வெறுங்கையோடு தொடங்குபவராக இருந்தால் ஒருவேளை அதையே சொல்லியிருப்பேன்.

எலிக்ஸிர் நிற்பது எர்லாங்கின் மேல். எர்லாங், எரிக்சன் நிறுவனம் தொலைபேசி இணைப்பகங்களுக்காக 1980-களில் உருவாக்கியது. லட்சக்கணக்கான இணைப்புகள், ஒன்று விழுந்தாலும் மற்றவை நிற்கக் கூடாது என்ற தேவைக்குப் பிறந்த வம்சம். உங்கள் சீனியருக்கு அப்படி ஒரு வேலை இருக்கலாம். உங்களுக்கு நான்கு பேர், அதில் மாமியார் ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

ஹாஸ்கெல்லைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல வேண்டும், நான் அதில் சூடு பட்டவன். உங்களுக்குக் கணக்கு மூளை போதவில்லை என்பது பொய். மோனாட் என்ன என்று விளக்கம் படித்துக்கொண்டே மூன்று மாதம் போயிருக்கிறது, அதைப் பயன்படுத்தி ஒரு பில்கூட அடிக்கவில்லை. அங்கேதான் கோளாறு. சமையல் குறிப்பு படித்தே யாரும் ரசம் வைத்ததில்லை. 'கறியிங்' (ஒரு ஃபங்ஷனுக்கு வாதங்களை ஒவ்வொன்றாகக் கொடுக்கும் முறை) என்ற சொல்லைப் பார்த்ததும் வீட்டுத் தொழில் ஞாபகம் வந்ததாக எழுதியிருந்தீர்கள், சிரித்தேன். அது ஹாஸ்கெல் கறி என்ற அமெரிக்கத் தர்க்கவியலாளரின் குடும்பப் பெயர், அவருடைய முதற்பெயர்தான் மொழிக்கு. வகைப் பெயர்களைத் தமிழில் வைத்துப் பார்த்தபோது ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்றும் கேட்டிருந்தீர்கள். ஹாஸ்கெல்லில் வகைப் பெயர் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். தமிழில் பெரிய எழுத்து ஏது?

பல வருடம் முன்பு, வேறு ஒரு அலுவலகத்தில், கிடங்குக் கணக்கு ஒன்றை ஹாஸ்கெல்லில் எழுதினேன். அழகாக இருந்தது, இன்றும் அதைப்போல ஒன்று எழுதியதில்லை. ஆனால் சோம்பல் கணிப்பு என்று ஒன்று அதில் உண்டு, தேவைப்படும்வரை எதையும் கணக்கிடாது. நான் எழுதிய கூட்டல் ஒன்று, கூட்டாமல் 'பிறகு கூட்டுகிறேன்' என்ற சீட்டுகளாகவே அடுக்கிக்கொண்டே போய், மாதக் கடைசியில் மெமரியை விழுங்கியது. திருத்தம் ஒரே ஒரு எழுத்துக்குறி, கண்டுபிடிக்க நான்கு நாள். நான் வேலை மாறியதும் அதைத் தொட ஆளில்லாமல் ஜாவாவில் மாற்றி எழுதினார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சொந்த வேலைக்கு மொழி எடுக்கும்போது, நீங்கள் பிரசவத்துக்கோ பிரயாணத்துக்கோ போனால் யார் திறந்து பார்ப்பார்கள் என்ற கேள்வி இருக்கிறதே, அதை நான் அன்றைக்குக் கேட்டுக்கொள்ளவில்லை.

என் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். இரண்டு வாரக் கடைசி ஒதுக்குங்கள், ஒன்று எஃப் ஷார்ப்புக்கு, ஒன்று ஓகாமலுக்கு. இரண்டிலும் ஒரே வேலை: 10 பேருக்கான ஏழு கறிக் குறிப்பைக் கோப்பிலிருந்து படித்து, 300 பேருக்குப் பெருக்கி, கொள்முதல் பட்டியல் அச்சிட வேண்டும். நிரல் அழகாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். வெறும் மடிக்கணினியில் நிறுவி ஓடவைக்க எவ்வளவு நேரம் பிடித்தது, பட்டியலில் பிரெஞ்சு எழுத்தும் தமிழும் ஒழுங்காக வந்ததா, மாமியாரின் கணினியில் எடுத்துப்போய் வைக்க முடிந்ததா என்று பாருங்கள். அப்புறம் மூன்று வாரம் தொடாமல் விட்டுவிட்டுத் திறந்து பாருங்கள். நீங்கள் எழுதியது உங்களுக்கே எதில் சீக்கிரம் புரிகிறது?

வேலையும் உரிமையும்

வேலையை விடாதீர்கள். ஹாஸ்கெல் வேலைக்கு இந்தத் தீவில் நான் பார்த்த விளம்பரங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். வெளிநாட்டு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து எழுதும் வாய்ப்பு உண்டு, ஆனால் அங்கே உலகம் முழுக்கப் போட்டி. அதற்கு ஒரு வருடச் சம்பளத்தைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

அலுவலக மடிக்கணினியில் இந்த நிரலை எழுதுவதாகப் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் திக்கென்றது. நான் வழக்கறிஞர் இல்லை, ஆனால் வேலை ஒப்பந்தங்களில், பணியின்போது உருவானது நிறுவனத்துக்கு என்ற வரி வழக்கமாக இருக்கும். சிலவற்றில் அது நிறுவனத்தின் கருவியில் உருவானதையும் இழுத்துக்கொள்ளும். உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து அந்தப் பத்தியைப் படியுங்கள். இனிமேல் சொந்தக் கணினி, சொந்த நேரம், சொந்தக் கணக்கு. அலுவலகத்து நூலகத்திலிருந்து ஒரு வரிகூட உள்ளே வர வேண்டாம். இதுவரை எழுதியதற்கு, எங்களுக்கு உரிமை இல்லை என்று மனிதவளப் பிரிவிடமிருந்து ஒரு கடிதம் வாங்கிவிட்டால் நிம்மதி.

வாடிக்கையாளரின் பெயர், போன் எண், வீட்டு முகவரி எல்லாம் உங்கள் நிரலில் இருக்கின்றன. மொரிஷியஸின் 2017-ம் வருடத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிறு தொழிலுக்கும் பொருந்தும், தரவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் தொழிலின் பெயரில் பதிவு செய்ய வேண்டும். செய்திருக்கிறார்களா என்று கணவரிடம் கேளுங்கள்.

தரவை எஸ்க்யூலைட்டில் (ஒரே கோப்பில் அடங்கும் டேட்டாபேஸ்) வைத்திருப்பதாகச் சொன்னீர்கள், அப்படியே இருக்கட்டும். நாளைக்கு மொழித் தேர்வு தப்பாகிப்போனாலும் அந்தக் கோப்பை வேறெதிலும் திறக்கலாம்.

வரிசை இப்படி இருக்கட்டும்: இந்த வாரம் ரவுண்டைத் திருத்துங்கள். அடுத்த வாரம் விலைப்பட்டியலை ரெக்கார்டாக மாற்றுங்கள். எஃப் ஷார்ப்பில் முதலில் நகர வேண்டியது கொள்முதல் பட்டியல். காவடி முடியும்வரை மாமியாரின் எக்செல்லும் பக்கத்தில் ஓடட்டும், இரண்டு பட்டியலும் ஒத்துப்போகாத நாளில் எக்செல்லை நம்புங்கள். அந்த 'பிடி' எத்தனை கிராம் என்று இப்போதே ஒரு தராசில் நிறுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாமியார் பிடிக்கும் உங்கள் பிடிக்கும் வித்தியாசம் இருக்கும், அவருடையதை எடுங்கள்.